ஆறு ஆம்பியர்

ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் பெரில் கெட்டிலைப் போடுவாள். அணைத்த கையோடு கட்டில் பக்கம் திரும்பி, "ரெஜ், தண்ணி வைக்கிறேன், போத்திக்க" என்பாள். அவள் புருஷன் ரெஜ் போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொள்வான். தண்ணீர் கொதிக்க ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் அவள் கெட்டிலைப் பார்க்க மாட்டாள். கட்டில் காலடியில் உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கொதித்ததும் கெட்டிலை அணைத்து, வாய்க்குள் பத்து எண்ணி, மறுபடி ஹீட்டரைப் போடுவாள். பத்து எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "ஒயரு கொஞ்சம் மூச்சு விடட்டுமே" என்றாள்.

லிங்கன்ஷயர் கடற்கரையில், நெவில் என்பவனுடைய பண்ணைக்குப் பின்னால் இருக்கிறது நாங்கள் தங்கியிருக்கும் வயல். கோடையில் அறுபது கேரவன்கள், காரில் இழுத்துவந்து நிறுத்தும் வீட்டு வண்டிகள், நிற்கும். அக்டோபர் முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீடு என்று ஒன்று இல்லாத பெரிலும் ரெஜ்ஜும் ஒரு வண்டியில், பக்கத்து வண்டியில் நான். வயலில் நிற்கும் மின்சாரக் கம்பத்திலிருந்து வண்டிக்கு ஒரு ஆரஞ்சு ஒயர் வரும். அதில் வருவது ஆறு ஆம்பியர், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. மெஷின் ஒன்றரை தின்னும், ஹீட்டர் மூன்றரை, கெட்டில் நாலு. மூன்றும் சேர்ந்து ஓடினால் கம்பத்தில் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். கம்பத்துப் பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி நெவிலிடம், நெவில் எங்கேயோ முட்டைக்கோஸ் வயலில் டிராக்டர் மேல்.

முதல் குளிர்காலத்தில் ஒரு தடவை அந்தத் தப்பைச் செய்தாள். ரெஜ் வறுத்த ரொட்டிக்கு ஆசைப்பட்டான். டோஸ்டரைப் போட்ட மறு நொடி எல்லாம் அணைந்து, மெஷின் மட்டும் பாட்டரியில் வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது. நெவில் வந்து சேர இருபத்தைந்து நிமிடம். அதுவரை ஓரத்தில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்க அவள் விரல்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அன்று மதியமே டோஸ்டரைக் கொண்டுவந்து என் படிக்கட்டில் வைத்துவிட்டாள். "இத என் கண்ணுல படாம வெச்சுக்கப்பா."

எழுபத்து மூன்று வயது. நல்ல உயரம், எலும்பு பெருத்த உடம்பு. கதவுக்குக் குனிந்து பழகியதால் வெளியே வந்த பிறகும் நாலு எட்டு குனிந்தே நடப்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். ஆளுயரக் கேஸ் அடுப்புகளில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்த அந்தக் கைகள் இப்போது அரை ஆம்பியரில் ஓடும் ஒரு சின்ன மின்சட்டியோடு மல்லுக்கட்டுகின்றன. காலையில் காரட்டும் மாட்டிறைச்சியும் போட்டால் சாயங்காலம் வேகும். அது ரெஜ்ஜுக்கு. அவளுக்கு டின்னில் இருக்கும் பீன்ஸ், டின்னில் இருக்கிறபடியே. "சூடு பண்ணா ருசி போயிடுது" என்று என்னிடமே சொல்லுவாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

ரெஜ் முப்பத்து நாலு வருடம் வீடு வீடாகப் போய்க் கேஸ் அடுப்பும் பாய்லரும் பொருத்தியவன். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு, மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாலும் மின்சாரத்தைத் திட்ட மட்டும் அவனுக்கு எப்படியோ காற்று கிடைத்துவிடும்.

"கரண்ட்டுச் சூடு... மேனேஜர் சிரிப்பு மாதிரி. இருக்கும்... ஒட்டாது."

"ஒட்டாத சூட்டுலதான் மூணு வருஷமா உசுரோட இருக்க, மறந்துடாத" என்பாள் பெரில்.

"மகராணி... சொன்னா... சரிதான்."

அவன் கையால் பொருத்திய கேஸ் கணப்பு இன்னும் வண்டியின் நடுவில் இருக்கிறது. வெளியே சிவப்பு சிலிண்டர், முழுசாக. மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய ஆள் அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனான். ஓடுகிற ஆக்சிஜனுக்கு மூன்று மீட்டருக்குள் நெருப்பு கூடாது. குழாயைக் கழற்றினாலும் உடனே கூடாது. போர்வையும் துணியும் ஆக்சிஜனைக் குடித்து வைத்திருக்கும், இருபது நிமிடம் கதவைத் திறந்துபோட்டு வெளியேற்ற வேண்டும். வண்டியின் மொத்த நீளமே ஐந்து மீட்டர். அன்றோடு கணப்பு அணைந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் பெரில் அதைத் துடைப்பாள். சிலிண்டர் மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, பக்கவாட்டில் உள்ளங்கையை ஓட்டி, எந்த இடத்தில் சில்லென்று ஆகிறது என்று பார்ப்பாள். அதுவரை கேஸ் இருக்கிறது என்று அர்த்தம். "கழுத்துவரைக்கும் இருக்கு" என்று உள்ளே வந்து அறிக்கை தருவாள். கழற்றிக் கொடுத்துவிடேன் என்று நான் சொன்னபோது, "அது இருக்குன்னா அவனுக்கு ஒரு தெம்பு" என்றாள். அவளுக்கும்தான் என்பதைச் சொல்லவில்லை.

கேஸா, கரண்டா என்பது கோடை ஆட்களுக்குப் பொழுதுபோக்கு. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, எது சிக்கனம், எதில் பன்றி இறைச்சி நன்றாக முறுகும் என்று பேசிப் பேசியே ஒரு பாட்டில் பீரைக் காலி செய்வார்கள். பெரில் அந்தப் பேச்சு நடக்கும் பக்கமே போக மாட்டாள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நர்ஸ் ஹெதர் வருவாள். நல்ல பெண். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறுவாள். ஊருக்குள் இருக்கும் முதியோர் இல்லத்தில் ரெஜ்ஜுக்கு இடம் இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவையும் பெரில் மாட்டேன் என்றாள். "சரி, உங்க இஷ்டம். ஆனா நெருப்பு மட்டும் கூடாது பெரில். ஒரே ஒரு தடவ பத்த வெச்சீங்கன்னு தெரிஞ்சாலும் நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். அப்புறம் முடிவு உங்க கையிலயும் இருக்காது, என் கையிலயும் இருக்காது." ரெஜ்ஜின் அண்ணன் எர்னி அந்த இல்லத்துக்குப் போன பன்னிரண்டாம் நாள் செத்துப்போனான். அந்தச் சவ அடக்கத்திலிருந்து திரும்பும்போதுதான் ரெஜ் பெரிலிடம் வாக்கு வாங்கினான். என்ன ஆனாலும் அங்கே அனுப்பக் கூடாது. அவளும் கொடுத்துவிட்டாள்.

போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மின்சாரம் போனது. இது கம்பத்துச் சுவிட்ச் இல்லை. இரவெல்லாம் கொட்டிய உறைமழையில் வயலுக்கு அப்பால் மின்கம்பியே அறுந்து விழுந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வரலாம் என்றார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி. நான் போனபோது பெரில் ரெஜ்ஜுக்கு ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி முடித்திருந்தாள். அது பத்து மணி நேரம் வரும். காற்றுக்குப் பஞ்சமில்லை. சூட்டுக்குத்தான் வழியில்லை.

"உன் வண்டில தண்ணி காய வெச்சுக் குடுப்பா, பாட்டில்ல ஊத்தி அவன் பக்கத்துல வைக்கலாம்" என்றாள்.

என் மூஞ்சியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. என் வண்டியில் இருந்தது நீல சிலிண்டர். அதில் இருக்கும் கேஸ் பூஜ்யத்துக்குக் கீழே போனால் வெளியே வராது, திரவமாக உள்ளேயே கிடக்கும். குளிருக்குச் சிவப்புதான் வைக்க வேண்டும். கேரவனில் ஒரு குளிர்காலம் கழித்தவனுக்கே தெரிந்த விஷயம் இது, நான் ஒன்பது கழித்தவன். அக்டோபரிலேயே அவள் கேட்டாள், "ஏப்பா, இன்னுமா நீலத்த மாத்தல?" என்று. மாற்றலாம் மாற்றலாம் என்று இருந்துவிட்டேன். நீலத்தின் ரெகுலேட்டர் சிவப்பில் பொருந்தாது, அதனால் அவளுடைய சிலிண்டரை என் அடுப்பில் மாட்டவும் முடியாது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி விடு" என்றாள்.

நெவிலின் வீட்டில் எல்லாமே மின்சாரம். கார் எங்கள் இருவரிடமும் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"ஏத்திட்டுப் போனா எங்க கொண்டு போவான்?"

"ஆஸ்பத்திரிக்கு."

"அங்கேந்து?"

கையில் எடுத்திருந்த போனை மறுபடி பைக்குள் போட்டேன்.

பத்து மணிக்கு ரெஜ்ஜின் உதடு வேறு நிறமாகிவிட்டது. கை நடுங்குவது நின்றிருந்தது. நடுங்குவது நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று பெரில் சொன்னாள். பிறகு, முந்நூறு பிள்ளைகளின் சாப்பாட்டைத் திட்டம் போடுகிற குரலில், என்ன செய்யப் போகிறோம் என்று எனக்கு விளக்கினாள். குழாயைக் கழற்றுவோம். ஆக்சிஜனை மூடுவோம். கதவையும் ஜன்னலையும் திறந்து இருபது நிமிடம். அப்புறம் மூடிவிட்டுக் கணப்பைப் பற்றவைத்து இருபது நிமிடம். அப்புறம் அணைத்துவிட்டு மறுபடி ஆக்சிஜன். "நாப்பது நிமிஷம் தாங்குவியா?" என்று ரெஜ்ஜிடம் கேட்டாள்.

"சர்வீஸ்... பண்ணியா... கணப்ப?" என்றான் அவன்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தொடைக்கிறேன்."

"அப்ப... பத்த வை."

திறந்த கதவு வழியாகக் கடற்காற்று உள்ளே வந்து, இருந்த கொஞ்சநஞ்சச் சூட்டையும் வழித்துக்கொண்டு போனது. பெரில் முட்டை வேகவைக்கும் மணிக்கடிகாரத்தைத் திருகிவைத்து, ரெஜ்ஜின் மேல் சாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிடம் கழித்துத் தீக்குச்சி கிழித்துக் கணப்பில் வைத்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வண்டியில் நெருப்பு. ரெஜ் அதைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. அவன் கன்னத்துக்கு நிறம் வந்தது. ஆனால் மூச்சு மோசமாகிக்கொண்டே போனது. பதினெட்டாவது நிமிடத்தில் அவளே அணைத்துவிட்டுக் குழாயை மாட்டினாள்.

இப்படி மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கதவு திறந்திருக்கும் நேரம்தான் அவனை வதைத்தது. நெருப்பு கொடுத்ததையெல்லாம் திறந்த கதவு வாங்கிக்கொண்டது. இரண்டாவது தடவை பெரில் கடிகாரத்தைப் பதினைந்துக்குத் திருகினாள். மூன்றாவது தடவை பத்துக்கு. நான் பார்த்தேன். சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாலாவது சுற்றில், மதியம் ஒன்றேகால் மணி இருக்கும், அவள் கடிகாரத்தைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் திறந்து வைத்தாள், மூடச் சொன்னாள், மூடினேன்.

தீக்குச்சி தீக்குச்சி மாதிரி எரியவில்லை. வெள்ளை வெளேரென்று சீறிக்கொண்டு விரல்வரை ஓடி வந்தது. அதோடு அவள் போட்டிருந்த கம்பளி ஸ்வெட்டரின் மணிக்கட்டு ஓரம், அவ்வளவு நேரம் ரெஜ்ஜின் மூக்குக் குழாயோடு ஒட்டிக் கிடந்த ஓரம், குப்பென்று பிடித்தது. சத்தம்கூட இல்லை. அவள் கத்தவும் இல்லை. கையை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டியில் இருந்த தண்ணீருக்குள் விட்டாள். அந்த நெருப்பு அவள் கையில் பிடித்ததற்குப் பதிலாக அரையடி தள்ளிப் போர்வையில் பிடித்திருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பெரில் மற்ற கையால் கேஸை மூடினாள். கருகிய கம்பளி நாற்றம் வண்டி முழுக்க அடித்தது.

"என்ன... ஆச்சு?" என்றான் ரெஜ்.

"ஒண்ணுமில்ல. குச்சி நமத்துப் போச்சு."

"பொய்... சொல்லாத. நான்... கேஸ்காரன்."

"கேஸ்காரன்னா வாய மூடிட்டு மூச்சு விடு" என்று சொல்லிக் குழாயை அவன் மூக்கில் மாட்டினாள். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

அதற்கப்புறம் நெருப்பு இல்லை. என் வண்டியில் இருந்த கம்பளி, திரைச்சீலை, மெத்தை எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டேன். பெரில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து அவன் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள். நான் அவர்கள் கால்மாட்டில் உட்கார்ந்து நாலு பாதங்களையும் என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். யார் கால் எது என்று தெரியவில்லை, எல்லாமே கல்லாக இருந்தன. நாலே முக்காலுக்கு மின்சாரம் வந்தது. மெஷின் உறும ஆரம்பித்ததும் பெரில் எழுந்து போய் ஹீட்டரைப் போட்டாள். அப்புறம் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹெதர் வந்தாள். ஷூவைக் கழற்றினாள். ரெஜ் சாம்பல் நிறத்தில் இருந்தான், நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். ஆனாலும் தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி, தலைமுடியையும் வாரியிருந்தான். பெரில் ரெஜ்ஜின் பழைய வேலை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். அதன் கை நீளம், அவள் விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"நேத்து முழுக்க கரண்ட் இல்லையாமே! எனக்கு ராத்திரிதான் தெரியும். எப்படிச் சமாளிச்சீங்க?"

"சுடுதண்ணி... பாட்டில்" என்றான் ரெஜ். "ஏழு. ராஜா மாதிரி... படுத்துக் கெடந்தேன்."

"தண்ணி எங்க காய வெச்சீங்க?"

"இவன்... வண்டில."

ஹெதர் என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக ஒரு பொய் சொன்னதில்லை. நீல சிலிண்டர் வெளியே என் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அவளுக்கு அதெல்லாம் தெரியாது. ஏதோ எழுதினாள். ரெஜ்ஜின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள், முகம் சுளித்தாள், மாத்திரை மாற்றித் தருவதாகச் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் கெட்டிக்காரங்கதான், ஒத்துக்கறேன்" என்று பையை மூடினாள். "அடுத்த செவ்வாய்க்கெழம மறுபடி லைன் ரிப்பேராம், கேட்டுல நோட்டீஸ் ஒட்டிருக்காங்க. ஒம்பதுலேந்து நாலு. பாட்டில் எல்லாத்தையும் முன்னாடியே ரெடியா வெச்சுக்கங்க."

"வெச்சுக்கறோம்" என்றான் ரெஜ். பெரிலைப் பார்த்துக் கண்ணடித்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை ஏமாற்றிவிட்ட பையன் மாதிரி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில்.

பெரில் சிரிக்கவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெதர் குனிந்து ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டாள், மற்றதை எடுத்தாள்.

"இரு கண்ணு" என்றாள் பெரில்.

ரெஜ்ஜுக்குப் புரிந்துவிட்டது. "பெரில்" என்றான். "ஏய்... பெரில்... வாக்கு."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ஜாக்கெட் கையை ஒவ்வொரு மடிப்பாகச் சுருட்டி முழங்கைவரை ஏற்றிவிட்டு, கொப்புளித்துப் போயிருந்த விரல்களையும் மணிக்கட்டையும், உள்ளங்கை மேலே பார்க்க, ஹெதரின் முன்னால் நீட்டினாள்.